செட்டிகுளத்துக் கடல்

மல்லாட்டை நன்றாக விளைந்தால் மெட்ராஸ் காட்டுவார்கள் என்று தளவானூர் அரிகிருஷ்ணனிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வருஷம் அவர் கேழ்வரகு போட்டிருப்பார்.

மழை கேட்ட நேரத்துக்குப் பெய்து தொலைத்தது. கம்பளிப்பூச்சி வழி தவறி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. செடியைப் பிடுங்கினால் வேர்க்கடலைக் கொத்து ஒரு கைக்கு அடங்கவில்லை. யாரோ போய்ச் சொல்ல, அதிகாரிகள் சங்கிலியோடு வந்து நிலத்தை அளந்தார்கள், பிடுங்கினார்கள், நிறுத்தார்கள், நிறுத்ததில் கொஞ்சம் தின்றார்கள், தின்றதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணித் தாலுகாவிலேயே முதல் விளைச்சல் என்று அறிவித்தார்கள். கணவன், மனைவி இருவருக்கும் அரசாங்கச் செலவில் மூன்று நாள் சென்னை மாநகர் உல்லாசப் பயணம் பரிசு. இது அறுபத்து மூன்றாம் வருஷம் நடந்தது.

அரிகிருஷ்ணனுக்கு மெட்ராஸ் மேல் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு ஜோடி நல்ல உழவு மாடு கொடுத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். அவர் மனைவி ஆண்டாளுக்கு அப்படியில்லை. அவளுக்குக் கடலைப் பார்க்க வேண்டும். பார்த்தே ஆகவேண்டும்.

காரணம், மூத்த ஓரகத்தி பூவாயி. பெரம்பூரில் ரயில்வே வேலையிலிருக்கும் மருமகன் வீட்டுக்குப் போனவள், போன இடத்தில் கடலையும் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து குடும்பத்தில் யாரும் நிம்மதியாக வாயைத் திறக்க முடியவில்லை. ஏரி நிரம்பிவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால், "கடலைப் பாத்த கண்ணுக்கு ஏரி இன்னா ஏரி, கழனி வாய்க்கா மாதிரி இருக்குது" என்பாள். குழம்பில் உப்பு ஏறிவிட்டால், "இதெல்லாம் ஒரு உப்பா" என்பாள். ஒரு சாவு வீட்டில், இன்னும் பிணத்தைத் தூக்கவில்லை, "எல்லாம் அலை மாதிரி வந்துட்டுப் போறதுதான், கடலைப் பாத்தவங்களுக்கு அது புரியும்" என்று சொல்லி ஆண்டாளை ஒரு பார்வை பார்த்தாள். ஆண்டாள் அன்றைக்குச் செத்தவருக்காக அழுததைவிட இதற்காக அழுததுதான் அதிகம்.

"வருஷம் பூரா மாடா உழைக்கிறேன். ஒரே ஒருதபா கடலைக் காட்டிடுங்க. அப்புறம் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள் ஆண்டாள்.

"அதான் கெவர்மெண்டே காட்டுதுன்னு சொல்றாங்களே, வுடு" என்றார் அரிகிருஷ்ணன்.

கெவர்மெண்டு அவ்வளவு லேசில் காட்டிவிடுமா? பரிசு பெற்றவர்கள் பயணத்துக்கு முன் செஞ்சிக்கு வந்து ஆயத்தப் பயிற்சி பெற்றுத் தேற வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். எதில் தேறுவது என்று அரிகிருஷ்ணன் கேட்டார். உல்லாசத்தில் என்றான் அவன்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு ஓட்டுக் கட்டடம். பச்சைப் பலகையில் 'மாநகர் உல்லாச ஆயத்த அலுவலகம்' என்று எழுதியிருந்தது. உள்ளே இளையபெருமாள் என்ற ஆயத்த அதிகாரி அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். போளூர்ப் பக்கத்துக்காரர்தான், ஆனால் கோட்டைப் போட்டுவிட்டால் மேடைத் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். கோட்டைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"உங்களைப் போன்றவர்கள் திடீரென்று மெட்ராசில் போய் இறங்கினால் என்ன ஆகும்? சந்தோஷப்பட்டுவிடுவீர்கள். அதுதான் ஆபத்து" என்று தொடங்கினார் இளையபெருமாள். "எதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்படுவது என்று ஒரு வரையறை வேண்டாமா? இந்தத் திட்டம் வருவதற்கு முன்னால் ஒரு விவசாயி தன்னிஷ்டத்துக்கு மெட்ராஸ் போனான். கலங்கரை விளக்கத்தைப் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாளும் ஒரு ஓட்டல் வாசலில் நின்று பரோட்டா வீசுகிறவனைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கிறான். கலங்கரை விளக்கத்துக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு, யோசித்துப் பாருங்கள்."

அரிகிருஷ்ணன் யோசித்துப் பார்த்தார். பரோட்டா வீசுகிறதைப் பார்க்க அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதை வெளியே சொல்லாமல் இருந்ததுதான் அவர் அந்த அலுவலகத்தில் செய்த முதல் புத்திசாலித்தனம்.

"கடலை எப்பங்க சார் காட்டுவீங்க?" என்றாள் ஆண்டாள்.

"கடல் கடைசிப் பாடம் அம்மா. முதலில் கழுத்து" என்றார் இளையபெருமாள்.

மெட்ராஸ் முழுவதையும் செஞ்சிக் கோட்டைக்குள்ளேயே வைத்துப் பழக்குவது என்பதுதான் திட்டத்தின் சாமர்த்தியம். அங்கே ராஜா காலத்தில் கட்டிய கல்யாண மகாலின் அடுக்கு மாடிதான் மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி. கட்டடம். அதன் கீழே பயிற்சிக்கு வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, அலுவலகச் சேவகன் செல்லப்பன் விசில் ஊதினான். ஊதியதும் கழுத்தைப் பின்னால் சாய்த்து, தலைத்துண்டு விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அம்மாடி என்று சொல்ல வேண்டும்.

"சார், இதுல மாடி கம்மியா இருக்குது. எல்.ஐ.சி. இன்னும் ஒசரமாமே?" என்றார் அரிகிருஷ்ணன்.

"நல்ல கேள்வி. கட்டடம் முடிகிற இடத்தில் நிறுத்திவிடக் கூடாது. மிச்ச மாடிகளுக்கு ஆகாயத்தைப் பார்க்க வேண்டும்."

மிச்ச மாடிகளைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்குத் திரும்பியபோது அரிகிருஷ்ணனுக்குக் கழுத்து மேல்நோக்கியே நின்றுவிட்டது. இரண்டு நாள் சோற்றைத் தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டார். ஆண்டாள் அவருக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போதும், "நீங்க மட்டும் கழுத்துல ஃபெயிலானீங்க, அப்புறம் இருக்குது" என்றாள். கணவனும் மனைவியும் சேர்ந்து தேறினால்தான் பயணம். ஒருவர் தவறினால் இருவரும் அடுத்த வருஷம்.

பயிற்சிக்கு இவர்களோடு இன்னொருவரும் வந்துகொண்டிருந்தார். மேல்சித்தாமூர் நேமிராஜ், சமணர், நெல் மண்டி வைத்திருப்பவர். சிறுசேமிப்பு வசூலில் முதலாவதாக வந்ததற்காக அவருக்கு இந்தப் பரிசு. கொடுத்து மூன்றாவது வருஷம் ஓடுகிறது. மண்டி வேலையாக மாதம் ஒருமுறை மெட்ராஸ் போய்வருகிற மனுஷர் அவர்.

"அப்ப நீங்க மெட்ராஸ் பாத்தவருதானே?" என்று கேட்டார் அரிகிருஷ்ணன்.

"பாத்தேன். ஆனா அது வியாபாரமா பாத்ததாம். உல்லாசமா பாக்கலியாம்."

"போங்கடான்னு வுட்டுட்டுப் போவலாம் இல்ல?"

"நோட்டீசு அடிச்சுப் பேரப் போட்டுட்டாங்களே. இப்ப வுட்டா, நேமிராஜ் உல்லாசத்துல ஃபெயிலுன்னு கடைத்தெரு பூரா சிரிப்பான்."

நேமிராஜ் எல்லாப் பாடத்திலும் கெட்டிக்காரர். அவரைக் கவிழ்த்தது சுண்டல் ஒன்றுதான். கடற்கரையில் சுண்டல் தின்பது மாலை ஆறரை மணிக்கு என்று திட்டத்தில் இருந்தது. சமணர்கள் பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் வைப்பதில்லை. ஐந்தரைக்குத் தின்றுவிடுகிறேனே என்று மூன்று வருஷமாக அவரும் மன்றாடுகிறார். ஐந்தரைக்குக் கலங்கரை விளக்கம் என்று மூன்று வருஷமாக இளையபெருமாளும் சொல்கிறார். விளக்கத்தைப் பார்த்துக்கொண்டே தின்றால் என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, இரண்டு உல்லாசங்களை ஒரே நேரத்தில் அனுபவிப்பது நிதி ஒழுங்கீனம் என்று பதில் வந்ததாம்.

டிராம் வண்டிப் பாடத்துக்கு ஒரு கூண்டு வண்டியில் மணியைக் கட்டி, கோட்டை வாசலிலிருந்து நெற்களஞ்சியம் வரை மாடு பூட்டி ஓட்டினார்கள். நேமிராஜ், டிராம் நின்றுபோய்ப் பத்து வருஷம் ஆகிறது என்றார்.

"மெட்ராசில் நின்றிருக்கலாம். பாடத்திட்டத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்றார் இளையபெருமாள். ஓடுகிற டிராமில் ஏறத் தெரியாமல் அரிகிருஷ்ணன் இரண்டு தடவை விழுந்தார். மாட்டு வண்டியில் பிறந்து வளர்ந்த மனுஷன், மணி கட்டியதும் விழுந்துவிட்டார்.

அடுத்தது உயிர்க்காலேஜ். மிருகக்காட்சி சாலையை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கோட்டையில் குரங்குக்குப் பஞ்சமில்லை, ஆகவே அலுவலகம் ஒரு பெரிய இரும்புக் கூண்டு செய்துவைத்திருந்தது. குரங்குகள் கூண்டுக்குள் போகவில்லை. வாழைப்பழம் வைத்துப் பார்த்தார்கள். பழம் போனது, குரங்கு வரவில்லை. பழத்துக்கு மேல் பழமாகச் செலவாகி மேலிடம் கேள்வி கேட்கவே, இளையபெருமாள் ஒரு முடிவுக்கு வந்தார். கூண்டுக்கு ஒருபக்கம் மனுஷன், இன்னொருபக்கம் மிருகம். அதுதானே உயிர்க்காலேஜின் சாரம்? யார் எந்தப் பக்கம் என்பது சில்லறை விவகாரம்.

அன்றிலிருந்து பயிற்சிக்காரர்களைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துவது வழக்கமாயிற்று. அரிகிருஷ்ணனும் ஆண்டாளும் நேமிராஜும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரங்குகளைப் பார்த்தார்கள். குரங்குகள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து இவர்களைப் பார்த்தன. ஒரு தாய்க்குரங்கு குட்டிக்கு அரிகிருஷ்ணனைக் கை நீட்டிக் காட்டியது. இன்னொன்று பாதி தின்ற கொய்யாவைக் கம்பி வழியே உள்ளே போட்டது.

"வாங்கிக்கங்க. கொடுக்கறத வேணாம்னா மனசு சங்கடப்படும்" என்றாள் ஆண்டாள்.

கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இவர்கள் எந்தத் தேசத்து ஜனங்கள் என்று செல்லப்பனிடம் விசாரித்தார். தளவானூர் என்றான் செல்லப்பன். அவர் தலையாட்டிக்கொண்டே போனார்.

கடைசியாகக் கடல் வந்தது. அன்றைக்கு ஆண்டாள் தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கோட்டைக்குள்ளே இருக்கிற செட்டிகுளம்தான் கடல். படித்துறையில் மணல் கொட்டியிருந்தது. அலைக்காக இரண்டு கூலியாட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையால் அடித்தார்கள். கடலில் உப்பு இருக்க வேண்டும் என்று திட்டம் சொன்னதால் செல்லப்பன் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து தண்ணீரில் கவிழ்த்தான். அனுமதித்தது முழு மூட்டை, குளத்தில் விழுந்தது கால் மூட்டை. அந்த வருஷம் செல்லப்பன் வீட்டில் ஊறுகாய் அமோகம்.

ஆண்டாள் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பே தெரிலீங்களே சார்."

"கொஞ்சம் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும் அம்மா."

"அக்கரை தெரியுது. ஒருத்தி துணி தொவைக்கிறா" என்றார் அரிகிருஷ்ணன்.

"அது தெரியாத மாதிரிப் பார்ப்பதுதான் பயிற்சி. கரை தெரியாத கடலைக் கரை தெரியாமல் பார்ப்பதற்கு அரசாங்கம் எதற்கு? எவன் வேண்டுமானாலும் பார்ப்பான்."

அந்த நேரம் பார்த்து ஒரு எருமை குளத்தில் இறங்கி நிதானமாக நீந்தியது. இளையபெருமாள் அசரவில்லை. "கப்பல்" என்றார். மூன்று பேரும் கப்பலுக்குக் கை ஆட்டினார்கள். கப்பல் ஒருமுறை தும்மிவிட்டுக் கரையேறியது.

ஆண்டாளுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல புடவையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாசி மேல் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க அரிகிருஷ்ணனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இந்த உப்ப எங்கருந்துப்பா கொண்டாந்த?" என்று திடீரென்று செல்லப்பனைக் கேட்டாள்.

"மரக்காணத்துலருந்து லாரியில வந்துதும்மா."

"அங்க ஏது உப்பு?"

"கடல் தண்ணிய பாத்தி கட்டி வுட்டுக் காய வெப்பாங்க."

"அப்ப மரக்காணத்துல கடல் இருக்குதா?"

அரிகிருஷ்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறந்ததிலிருந்து மரக்காணத்து உப்பைத் தின்று வளர்ந்தவர் அவர். அந்த உப்புக்குப் பின்னால் ஒரு கடல் இருந்தாக வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. உப்பு வண்டியில் வரும். கடல் மெட்ராசில் இருக்கும். தளவானூரில் எல்லோருக்கும் அப்படித்தான், பூவாயி செய்த புண்ணியம்.

இளையபெருமாள் இருமினார். "அது வேறு கடல் அம்மா. நமது திட்டத்தில் வராது."

"ரெண்டும் ஒரே தண்ணிதானுங்களே சார்?"

"தண்ணீர் ஒன்றாக இருக்கலாம். நிர்வாகம் வேறு. பயிற்சிக் காலத்தில் வெளிக் கடல் எதையாவது பார்த்தவர்கள் தகுதி இழப்பார்கள் என்று விதி இருக்கிறது."

"கொஞ்சம் பொறுத்துக்கமே. இவ்ளோ தூரம் வந்தாச்சு. மெட்ராஸ் கடலே வந்துடும்" என்று மனைவியின் காதில் சொன்னார் அரிகிருஷ்ணன். ஆண்டாள் பொறுத்துக்கொண்டாள். விசில் ஊதியதும் கண்ணை அகட்டி, வாயைத் திறந்து, நெஞ்சில் கை வைத்து, ஆகா என்றாள். அரிகிருஷ்ணனும் ஆகா என்றார். அவருடைய ஆகா மாடு தொலைத்தவன் குரல் மாதிரி இருந்ததால் மறுபடி சொல்லச் சொன்னார்கள். பொழுது சாய்ந்ததும் சுண்டல் வந்தது. நேமிராஜ் இலையைக் கையில் வாங்கி, மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டு, அரிகிருஷ்ணனிடம் கொடுத்தார். அந்த வருஷமும் அவர் தேறவில்லை.

அரிகிருஷ்ணனும் ஆண்டாளும் தேறிவிட்டார்கள். திட்டம் தொடங்கியதிலிருந்து தேறிய முதல் ஜோடி இவர்கள்தான் என்று சொல்லி, இதைப் பார்ப்பதற்கென்றே மெட்ராசிலிருந்து டைரக்டர் ஜீப்பில் வந்தார். செட்டிகுளத்தங்கரையில் பந்தல் போட்டார்கள். காலையிலேயே மைக் கட்டி, கூலியாட்களைத் தண்ணீரில் இறக்கி அலை எழுப்பினார்கள். ஆண்டாள் கல்யாணத்துக்குப் போகிற அதே புடவையைக் கட்டிக்கொண்டு, மூன்று நாளைக்குத் துணிமணி மடித்து ஒரு பையில் எடுத்து வந்திருந்தாள். இங்கிருந்து நேராகக் கிளம்புவது என்பது அவள் கணக்கு.

டைரக்டர் இளையபெருமாளைக் கேட்டார்: "இதுவரை எத்தனை பேரை மெட்ராசுக்கு அனுப்பினீர்கள்?"

"ஒருவரையும் அனுப்பவில்லை சார். யாரும் தரத்துக்கு வரவில்லை."

"சபாஷ். தரம் முக்கியம்" என்றார் டைரக்டர். பிறகு ஆண்டாளை மைக் முன்னால் கூப்பிட்டார். "சொல்லுங்கள் அம்மா, கடல் எப்படி இருந்தது?"

ஆண்டாள் புருஷனைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. குளம் நல்லா இருக்குது" என்றாள்.

இளையபெருமாளுக்கு வேர்த்துக் கொட்டியது. டைரக்டர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"கேட்டீர்களா? தெரியாது என்கிறார். உண்மையிலேயே கடலை அனுபவித்தவரால் வேறு என்ன சொல்ல முடியும்? வார்த்தைக்கு அடங்காதது அல்லவா அது?" என்று மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். "பெரியோர்களே, நான் முப்பது வருஷமாகத் திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறேன். கடற்கரை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒருநாள் நான் போயிருப்பேனா? உல்லாசத் துறையில் இருப்பவனுக்கு உல்லாசத்துக்கு ஏது நேரம்? போ என்று ஒரு உத்தரவும் வரவில்லை. இன்று இந்தக் குளக்கரையில் நின்றபோதுதான் நான் கடலைப் பார்த்தேன். இந்த ஏழை விவசாயத் தம்பதியும் பார்த்துவிட்டார்கள். எல்.ஐ.சி. பார்த்துவிட்டார்கள், உயிர்க்காலேஜ் பார்த்துவிட்டார்கள், டிராமில் போய்விட்டார்கள். டிராமில் நானே போனதில்லை. ஆகவே இவர்களுடைய பயணம் இத்துடன் இனிதே நிறைவுற்றது என்று அறிவிக்கிறேன். இனிமேல் ஒருவரும் மெட்ராசுக்கு வரத் தேவையில்லை. மெட்ராஸ் செஞ்சிக்கு வந்துவிட்டது."

கை தட்டினார்கள். பலகைக்காரர்களும் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினார்கள், அந்த நேரத்துக்குக் கடல் நின்றது.

"அப்ப மெட்ராஸ் போவறது இல்லீங்களா?" என்றாள் ஆண்டாள். மைக் முன்னால் நின்றதால் அது ஊர் பூராவும் கேட்டது.

"போய்விட்டு வந்துவிட்டீர்கள் அம்மா" என்றார் டைரக்டர், மிகவும் அன்பாக.

இளையபெருமாள் ஓரடி முன்னால் வந்தார். "சார், தேறியவர்களை அழைத்துப் போகிற துணை அதிகாரி நான்தான் என்று ஆரம்பத்திலேயே..."

"பயணமே இல்லை, துணை எதற்கு?" என்றார் டைரக்டர். தனக்குப் போட்டிருந்த சந்தன மாலையைக் கழற்றி இளையபெருமாள் கழுத்திலேயே போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அரிகிருஷ்ணனுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. பயிற்சியில் ஆச்சரியம், சந்தோஷம் எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருந்தார்கள், கோபத்தை மட்டும் யாரும் பாடத்தில் சேர்க்கவில்லை. கூண்டில் அடைத்தார்கள், பொறுத்துக்கொண்டார். கழுத்தைத் திருப்பினார்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டார். ஒரு பொம்பளை துணிமணி மடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள், அவளைப் பார்த்து நீ போய்விட்டு வந்துவிட்டாய் என்கிறானே ஒருத்தன், இது என்ன நியாயம்? அவர் ஆண்டாள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டார்.

"எங்க?" என்றாள் ஆண்டாள்.

"நிர்வாகம் வேறயா இருக்கிற கடலுக்கு" என்றார்.

திண்டிவனம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் பின் சீட்டில் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு குனிந்திருந்த ஒருவரை ஆண்டாள் கவனித்தாள். மடியில் ஒரு கோட்டு சுருட்டி வைத்திருந்தது. அதன் மேல் சந்தன மாலை.

"சார், நீங்களா?" என்றார் அரிகிருஷ்ணன்.

"கத்தாதீங்க. வயித்து வலின்னு அரை நாள் லீவு போட்டுட்டு வந்துட்டேன். ஆபீசுல யாருக்கும் தெரியக் கூடாது" என்றார் இளையபெருமாள். கோட்டோடு சேர்த்து மேடைத் தமிழையும் கழற்றியிருந்தார்.

"எங்க போறீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "மூணு வருஷமா அலை அப்படி இருக்கும், இப்படி இருக்கும்னு சொல்லிக் குடுக்கறேன். எல்லாம் ஒரு காலண்டர் படத்தப் பாத்துச் சொன்னதுதான். ஒரு ஜோடியாவது தேறினா கூடவே போயிடலாம்னு இருந்தேன். யாரையும் தேற வுடாம கெடுத்ததும் நான்தான். தரம் கொறஞ்சிதுன்னு பேர் வந்துடுமோன்னு பயம்."

அரிகிருஷ்ணன் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தார். கோட்டில்லாத இளையபெருமாளைப் பார்த்ததும் எதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆண்டாள் பையிலிருந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள். மெட்ராசில் தின்பதற்காகக் கட்டியது.

திண்டிவனத்தில் பஸ் மாறி, மரக்காணத்தில் இறங்கி, உப்பளத்து வரப்பின் மேல் நடந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி. லாரி ஏறி முடிக்கவே இல்லை. ஆண்டாள் வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள். கல்யாணத்துக்குப் போகிற புடவை மணலில் இழுபட்டதை அவள் கவனிக்கவில்லை.

அரிகிருஷ்ணன் தோப்பைத் தாண்டி வந்து பார்த்தபோது அவள் தண்ணீருக்குள் நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. பூவாயியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரிகிருஷ்ணனும் எதிரே பார்த்தார். எங்கே பார்த்தாலும் அதுவே இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

இளையபெருமாள் ஈரம் படாத இடத்திலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி ஒரு கையிலும் கோட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, அலை வந்தால் பின்னால் போவதும், அலை போனால் முன்னால் வருவதுமாக இருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஆண்டாள் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க சார்."

அவர் மெதுவாக வந்து முட்டி நனையத் தண்ணீரில் நின்றார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு ஆண்டாள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"இப்ப இன்னா பண்ணணும்மா?"

"ஒண்ணும் பண்ண வேணாங்க சார்" என்றாள் ஆண்டாள். "சும்மா நில்லுங்க."